எத்தனை அட்டை என்பது மட்டும்தான் கேள்வியா?

சென்ற வாரம் வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் எழுபது வயதைத் தாண்டிய ஒரு முதியவர். கையில் ஊன்றுகோல். செருப்பின் பட்டிக்குள் அடங்காதபடி இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. “நாரிப் பிடிப்புக்கு ஏதும் தாங்கோ தம்பி” என்றார். கண்ணாடிப் பெட்டிக்கு அப்பால் நின்ற இளைஞர் தலையை நிமிர்த்தாமலே “எத்தனை அட்டை ஐயா?” என்று கேட்டார். இரண்டு அட்டைகள் கைமாறின. மருந்துச் சிட்டை கேட்கப்படவில்லை. வேறு வருத்தம் உண்டா, வேறு மருந்து எடுக்கிறீர்களா என்ற கேள்வியும் எழவில்லை. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “ஐயா, உங்களுக்குப் பிறஷர் ஏதும் இருக்கோ?”

“பிறஷர் இருக்கு, சீனி இருக்கு, போன வருஷம் நெஞ்சிலையும் ஒரு பிரச்சினை வந்தது. ஏன் தம்பி, நீங்கள் டொக்டரோ?”

“இல்லை ஐயா, பத்திரிகைக்காரன்.”

அவர் சிரித்தார். அரசியலைப் பற்றிப் பத்திரிகைக்காரன் எதைச் சொன்னாலும் நம்பும் நம்மவர்கள், அவன் வேறெதைப் பற்றி வாய் திறந்தாலும் இப்படித்தான் சிரிப்பார்கள். குளிசைகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்து போனார். அந்த அட்டையில் இருந்தது டைக்ளோபெனக். இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ள, கால் வீங்கிய ஒரு முதியவருக்குக் கொடுக்கக்கூடாத மருந்துகளை வரிசைப்படுத்தச் சொன்னால், மருத்துவ மாணவர் ஒருவர் முதல் மூச்சிலேயே சொல்லக்கூடிய பெயர் அது.

இவ்வளவு கோபம் எனக்கு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். கலைப்பட்டதாரியான நான் மருத்துவத்தைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்றும் சிலர் சொல்லக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இதே வியாபாரத்தை 2019ஆம் ஆண்டில் நானும் செய்திருக்கிறேன். அப்போது கண்ணாடிப் பெட்டிக்கு இப்பால் நின்றவன் நான். “எத்தனை அட்டை?” என்ற கேள்விக்கு “மூன்று” என்று பதில் சொன்னவனும் நான்தான்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருந்தார். இரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில், இருதயம் சற்றுத் தளர்ந்து நீர் தேங்கியதற்குப் பியூரோசமைட், இரண்டும் அரச கிளினிக்கில் மாதாமாதம் கிடைத்துவந்தன. முழங்கால் உளைவு தாங்கமுடியவில்லை என்று தொலைபேசியில் சொன்னார். கொழும்பில் ஒரு கடையில் மூன்று அட்டை வலிக்குளிசை வாங்கி, ஊருக்குப் போகும் பேருந்தில் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். பிள்ளையின் கடமையைச் செய்துவிட்ட திருப்தியோடு அன்றிரவு தூங்கினேன்.

எனக்குத் தெரியாமல் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்திருந்தன. ரொறன்ரோவில் இருக்கும் தங்கை, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பெரிய போத்தல் ஐபுபுரோபன் கொடுத்துவிட்டிருந்தாள். பக்கத்து ஊர்த் தனியார் வைத்தியர் ஒருவர், வேறொரு வியாபாரப் பெயரில் அதே டைக்ளோபெனக்கை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றும் வெவ்வேறு நிறம், வெவ்வேறு பெயர். அம்மா மூன்றையும் ஒழுங்காக, நேரம் தவறாமல் எடுத்தார். ஆசிரியையாக இருந்தவர், சொன்னதைச் செய்து பழகியவர்.

இரண்டு கிழமைகளில் கால் வீக்கம் கூடியது. கிளினிக்கில் நீர்க்குளிசையைக் கூட்டினார்கள். வயிறு எரிகிறது என்றார். அதற்கு இன்னொரு குளிசை. சாப்பாடு பிடிக்கவில்லை, ஓங்காளம் வருகிறது என்றார், அதற்கும் ஒன்று. பிறகு ஒருநாள் காலையில் அயல்வீட்டுப் பிள்ளை தொலைபேசியில் சொன்னாள்: “மாமா, அம்மம்மா ஆளை மாறி மாறிக் கூப்பிடுறா. என்னைப் பார்த்து உங்கடை பேரைச் சொல்லுறா.”

வைத்தியசாலையில் குருதிப் பரிசோதனை செய்தார்கள். ஆறு மாதங்களுக்கு முன் 1.2 ஆக இருந்த கிரியற்றினின் 3.8க்கு ஏறியிருந்தது. சிறுநீரகங்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தன. அன்று விடுதியில் கடமையில் இருந்தவர் மிக இளம் வயதுப் பெண் வைத்தியர். அவர் என்னிடம் கேட்ட கேள்வியை அதுவரை வேறு எவரும் கேட்டிருக்கவில்லை. “வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கோ. கடையில் வாங்கினது, வெளிநாட்டில் இருந்து வந்தது, நாட்டு மருந்து, எல்லாம்.”

கொண்டுபோய்க் கட்டிலில் கொட்டினேன். பதினொரு வகை. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தைப் படித்து மூன்றைத் தனியே வைத்தார். “இந்த மூன்றும் ஒரே வேலை செய்கிற மருந்து. இவருக்கு ஒன்றுகூடக் கொடுத்திருக்கக்கூடாது.”

அந்த மூன்றில் ஒன்று நான் அனுப்பியது.

ஏன் கூடாது என்பதை அவர் எனக்கு விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன். சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் நுண்குழாய் ஒன்றும், வெளியே கொண்டுபோகும் நுண்குழாய் ஒன்றும் உண்டு. உள்வரும் குழாயைத் திறந்து வைத்திருக்க உடல் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருளை நம்பியிருக்கிறது. டைக்ளோபெனக், ஐபுபுரோபன் போன்ற வலிக்குளிசைகள் வலியைக் குறைப்பதே அந்தப் பொருளின் உற்பத்தியைத் தடுப்பதனால்தான். ஆகவே உள்வரும் வாய்க்கால் ஒடுங்குகிறது. எனலாபிரில் வகை மருந்து வெளிச்செல்லும் வாய்க்காலை அகலமாக்குகிறது. பியூரோசமைட் உடலின் நீரையே வற்றச் செய்கிறது. குளத்தில் நீரைக் குறைத்து, வரும் வாய்க்காலை அடைத்து, போகும் வாய்க்காலை முழுதாகத் திறந்துவிட்டால் வயலுக்கு என்ன நீர் பாயும்? எனலாபிரிலும் பியூரோசமைட்டும் அவருக்கு வேண்டிய மருந்துகள்தான். மூன்றாவதாக வந்து சேர்ந்தது சிறுநீரகத்தைச் சாய்த்துவிட்டது. இதே வலிக்குளிசை உப்பையும் நீரையும் உடலில் தேக்கி வைக்கும். இரத்த அழுத்தத்தைக் கூட்டும். தளர்ந்த இருதயத்தை மேலும் தளர்த்தும். அம்மாவின் கால் வீங்கியதற்குக் காரணம் அதுதான். வீக்கத்துக்கு நீர்க்குளிசையைக் கூட்டியது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதை.

அம்மா தப்பிவிட்டார். ஆனால் கிரியற்றினின் 1.7க்குக் கீழே திரும்பி வரவேயில்லை. இப்போது எண்பத்திரண்டு வயது. என்னோடு கொழும்பில் இருக்கிறார். போன சிறுநீரகப் பலம் போனதுதான்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று எண்ணித்தான் சில காலம் இருந்தேன். பின்னர் வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்கக் கோபம்தான் வளர்ந்தது, ஏனெனில் இதில் இரகசியம் எதுவுமே இல்லை. அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற முதியோர் மருத்துவர் 1991ஆம் ஆண்டிலேயே, முதியவர்களுக்குப் பொருத்தமற்ற மருந்துகளின் பட்டியல் ஒன்றை உருவாக்கி வெளியிட்டார். அவர் பெயரிலேயே அது இன்றும் வழங்குகிறது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் பொறுப்பேற்று, 2012, 2015, 2019, 2023 எனத் தொடர்ந்து புதுப்பித்து வருகிறது. அதில் ஒரு பகுதி முழுவதுமே, ஏற்கனவே ஒரு நோய் உள்ள முதியவருக்கு எந்த மருந்து அந்த நோயை முற்றவைக்கும் என்பதைப் பற்றியது. அயர்லாந்தில் 2008இல் இதேபோன்ற இன்னொரு பட்டியல் வந்தது. நிறுத்த வேண்டிய மருந்து எது, தொடங்கத் தவறிய மருந்து எது என்று இரண்டையும் அது சொல்கிறது. டைக்ளோபெனக்கை இருதய நோயாளருக்கும் இருதயத் தளர்ச்சி உள்ளவருக்கும் கொடுக்கக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகாமை 2013இல் சொல்லிவிட்டது. பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டு முதல் சிட்டையின்றி அந்தக் குளிசையை வாங்க முடியாது. வெள்ளவத்தையில் வாங்கலாம். எத்தனை அட்டையும் வாங்கலாம்.

வலிக்குளிசைகள் இருதயத்துக்குச் செய்யக்கூடியதை உலகம் ஒருமுறை பெரும் விலை கொடுத்தே கற்றது. வயோக்ஸ் என்ற வலிமருந்து 1999இல் சந்தைக்கு வந்து, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகரிப்பது உறுதியானதால் 2004 செப்டெம்பர் இறுதியில் உலகெங்கும் மீளப் பெறப்பட்டது. அவ்வளவு ஏன், இந்த டைக்ளோபெனக் கழுகுகளுக்கே எமனாக வந்தது. மாடுகளுக்கு அதைக் கொடுக்க, அவற்றின் இறந்த உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் கூட்டங்கூட்டமாக மடிந்தன. காரணம் 2004இல் கண்டறியப்பட்டது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தது. கழுகுக்குக் கிடைத்த கரிசனை நம் கிழவிகளுக்குக் கிடைக்கவில்லையே என்று சில வேளைகளில் தோன்றும்.

வலிக்குளிசை மட்டும்தான் குற்றவாளி என்றால் இவ்வளவு நீட்டியிருக்கமாட்டேன்.

எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்து ஓய்வுபெற்ற மூத்தவர் ஒருவர். ஓர் எழுத்துப் பிழையைத் தப்பவிடாத மனிதர். அவருக்குப் புரொஸ்டேட் சுரப்பி வீக்கம் இருந்தது. தடிமனுக்கு மருந்துக்கடையில் வாங்கிய மஞ்சள் குளிசையை, அதாவது குளோர்பெனிரமினை, இரண்டு நாட்கள் எடுத்தார். மூன்றாம் நாள் இரவு முழுவதும் சலம் போகவில்லை. அடிவயிறு பானையாகி, விடியற்காலையில் வைத்தியசாலையில் குழாய் செருகித்தான் வெளியேற்றினார்கள். பழைய வகை ஒவ்வாமைக் குளிசைகள் சலப்பையைச் சுருங்கவிடாது. புரொஸ்டேட் வீங்கிய ஆணுக்கு அவை கதவை வெளியிலிருந்து பூட்டுவதற்குச் சமம். மறதி நோய் தொடங்கியவருக்கு அதே குளிசை குழப்பத்தைக் கூட்டும். “வாழ்நாள் முழுக்க மற்றவனுடைய எழுத்தைப் படித்தேன், என்ரை குளிசைப் பெட்டியைப் படிக்கவில்லை” என்று அவர் பிறகு சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னும் சொல்லலாம். தலைச்சுற்றுக்கு நம் நாட்டில் தண்ணீர்போலக் கொடுக்கப்படும் புரொக்ளோர்பெரசின், பார்க்கின்சன் நோயாளரின் நடுக்கத்தையும் விறைப்பையும் கூட்டும். கண்ணழுத்தத்துக்கு விடும் டிமோலோல் சொட்டு மருந்து தொய்வுக்காரருக்கு இளைப்பைக் கிளப்பும். கண்ணில் விட்ட துளி நெஞ்சுக்குப் போகும் என்று யார் எண்ணுவார்? தூக்கத்துக்கு எடுக்கும் டயஸிபாம் முதிய உடலில் நாட்கணக்கில் தங்கி, இரவில் எழும்புபவரை விழுத்தி இடுப்பெலும்பை முறிக்கும். கிளிபென்கிளமைட் என்ற நீரிழிவுக் குளிசை, சிறுநீரகம் தளர்ந்த முதியவரின் சீனியை மணிக்கணக்கில் கீழே பிடித்து வைத்திருக்கும். அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கு அது பொருத்தமற்றது என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிடுகிறது. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் பரசிற்றமோலில், மருந்தோடு சோடியமும் இருக்கிறது: குளிசை ஒன்றில் ஏறத்தாழ 400 மில்லிகிராம். நாளுக்கு எட்டுக் குளிசை எடுத்தால் எட்டுக் கிராம் கறியுப்பைத் தின்றதற்குச் சமம். கறியில் உப்பைக் குறைத்து, கருவாட்டை விட்டு, அப்பளத்தை விட்டு விரதம் காக்கும் இருதய நோயாளர் அதையெல்லாம் ஒரு குவளைத் தண்ணீரில் குடித்துவிடுகிறார்.

இவற்றில் எந்த மருந்தும் நஞ்சு அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். முப்பது வயதுக்காரருக்கு நன்மை செய்வதே எழுபது வயதுக்காரரின் பழைய வருத்தத்தைத் தட்டி எழுப்புகிறது. நாற்பது வயதைக் கடந்த பின் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் சராசரியாக ஆண்டுக்கு ஒரு மில்லிலீற்றர் அளவில் குறைந்துகொண்டே போகிறது. இதில் ஒரு பொறியும் உண்டு. கிரியற்றினின் தசையிலிருந்து வருவது. மெலிந்துபோன ஒரு மூதாட்டியின் உடலில் தசையே குறைவு. ஆகவே சிறுநீரகம் பாதியாகத் தேய்ந்திருந்தாலும் பரிசோதனைத் தாளில் ‘இயல்பு’ என்றே தெரியலாம். வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மை வெளிவரும். அந்தக் கணக்கைப் போட அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் யாரிடம் இருக்கிறது?

நிச்சயமாக நமது விசேட நிபுணர்களிடம் இல்லை. மாலை ஆறு மணிக்குத் தனியார் வைத்தியசாலையில் அறுபதாவது இலக்கத்தோடு காத்திருந்து, இரவு பத்தரைக்கு உள்ளே போய், நான்கு நிமிடத்தில் வெளியே வந்த அனுபவம் இந்தப் பக்கத்தை வாசிக்கும் இலங்கைத் தமிழர் அனைவருக்கும் இருக்கும். இருதய நிபுணர் இருதயத்தைப் பார்க்கிறார். மூட்டு நிபுணர் மூட்டைப் பார்க்கிறார். கண் நிபுணர் கண்ணைப் பார்க்கிறார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை, பார்த்தாலும் தொடுவதில்லை. அது தொழில் மரியாதையாம். முழு மனிதரைப் பார்ப்பது யாருடைய வேலை என்று கேட்டால் ஒருவரும் கை தூக்கமாட்டார். முன்பு குடும்ப வைத்தியர் என்று ஒருவர் இருந்தார். தகப்பனின் தொய்வும் பேரனின் சொறியும் அவருக்கு மனப்பாடம். இலக்கத்துண்டு அவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதன் விளைவை மருத்துவ எழுத்தாளர்கள் 1990களிலிருந்தே விவரித்து வருகிறார்கள். ஒரு மருந்தின் விளைவை இன்னொரு நோய் என்று எண்ணி அதற்கு மருந்து, அந்த மருந்தின் விளைவுக்கு மேலும் ஒரு மருந்து. அழுத்தத்துக்கு அம்லோடிபின், அதனால் கணுக்கால் வீக்கம், வீக்கத்துக்கு நீர்க்குளிசை, நீர்க்குளிசையால் இரவில் நாலுதரம் எழும்புதல், எழும்பும்போது தலை கிறுகிறுத்து விழுதல், கிறுகிறுப்புக்கு ஒரு குளிசை. தொடக்கத்தில் ஒரு குளிசையை மாற்றியிருந்தால் போதும். அம்மாவின் பையில் இருந்த பதினொன்றில் நான்கு இப்படி வந்தவை.

வைத்தியர்கள் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்க விரும்பவில்லை. இந்த அரசு என்ன செய்தது? பேராசிரியர் சேனக பிபிலே இந்த நாட்டின் மருந்துக் கொள்கையை வகுத்தவர். 1970களின் முற்பகுதியில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்தவர். மருந்தை வியாபாரப் பெயரால் அல்லாமல் அதன் மூலப்பெயரால் எழுதுங்கள், விற்றுத் தீருங்கள் என்று மன்றாடியவர். 1977இல் கயானாவில் காலமானார். உலகின் பல நாடுகள் அவருடைய கொள்கையைப் பாடமாக எடுத்தன. நமது நாட்டில் அதற்கொரு முழுமையான சட்டம் வர 2015 ஆகியது. தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அந்தச் சட்டத்தின் பிள்ளை. அம்மாவின் இரண்டு டைக்ளோபெனக் பெட்டிகளும் அந்தச் சட்டம் வந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வாங்கியவை. ஒரே மருந்து, இரண்டு பெயர், பெரிய எழுத்தில் வியாபாரப் பெயர், எறும்பு எழுத்தில் மூலப்பெயர். பிபிலே எதைத் தடுக்க நினைத்தாரோ அதுவே எங்கள் வீட்டு மேசையில் நடந்தது.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அம்மாவின் பையிலிருந்த பெட்டிகளுக்குள் மடித்து வைத்திருந்த துண்டுத்தாள்களை எல்லாம் விரித்துப் பார்த்தேன். ஒன்றில்கூடத் தமிழ் இல்லை. இருதய நோயுள்ளவர் எடுக்கக்கூடாது, சிறுநீரக நோயுள்ளவர் எடுக்கக்கூடாது என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள், ஆங்கிலத்தில். முப்பது ஆண்டுகள் தமிழ் படிப்பித்த ஆசிரியைக்கு அவருடைய உயிரைப் பற்றிய எச்சரிக்கை அவருடைய மொழியில் இல்லை. வீதிப் பெயர்ப்பலகையில் தமிழ் பிழையாக இருந்தால் ஆசிரியர் தலையங்கம் எழுதும் நாம், நானும் உட்பட, மருந்துப் பெட்டியில் தமிழே இல்லாததைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இந்நாட்டு மக்களில் 12.4 சதவீதம் அறுபது வயதைத் தாண்டியிருந்தனர். அந்த விகிதம் ஏறிக்கொண்டுதான் போகிறது.

இனி, கடல் கடந்து வாழும் உறவுகளுக்கு. கோபிக்காமல் கேளுங்கள். வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் ஒரு குளிசை அட்டைக்காக அலைந்தவர்கள் நாம். அன்று கிடைத்ததைப் பதுக்கி வைத்தோம், அயலவருக்குப் பங்கிட்டோம், காலாவதியானதையும் எறியவில்லை. 2022இல் நாடு வங்குரோத்தாகி வைத்தியசாலைகளில் மருந்து இல்லாதுபோனபோது அந்தப் பழக்கம் திரும்பவும் நம்மைக் காப்பாற்றியது. நீங்கள் அனுப்பிய பொதிகள் உயிர்களைக் காத்தன என்பதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் அன்று தட்டுப்பாட்டில் வந்த பழக்கம் இன்று அன்பின் அடையாளமாக மாறிவிட்டது. சொக்லேற்றோடும் சவர்க்காரத்தோடும் ஒரு போத்தல் வலிக்குளிசை. “கனடா மருந்து, நல்ல மருந்து” என்று அம்மாவும் பெருமையாக எடுத்தார். கனடாவில் வாங்கினாலும் கண்டியில் வாங்கினாலும் ஐபுபுரோபன் ஒன்றுதான். அனுப்பும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கலாம். தங்கை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதை அவளிடம் சொன்னபோது, “அண்ணா, நான் அம்மாவைப் பார்க்க வராத குற்றத்துக்குத்தானே அந்தப் போத்தலை அனுப்பினனான்” என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

இதை எழுதப்போகிறேன் என்றபோது வைத்திய நண்பர் ஒருவர் எச்சரித்தார். “நீர் இப்படி எழுதினால் கிழடுகள் எல்லாம் நாளைக்கே பிறஷர்க் குளிசையை நிறுத்திவிடும். பிறகு பாரிசவாதத்தில் விழுகிறவர்களுக்கு நீரா பொறுப்பு?” அவருடைய பயம் உண்மையானது. ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். இதை வாசித்துவிட்டு எவரும் எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக்கூடாது. புரொப்பிரனலோல் வகையையோ பிரெட்னிசலோனையோ திடீரென நிறுத்துவது ஆபத்து. அழுத்தத்துக்கும் சீனிக்கும் உரிய மருந்துகள் ஆயுளை நீட்டுபவை. ஆனால் நண்பரின் வாதத்தில் ஒளிந்திருக்கும் இன்னொரு கருத்தை நான் ஏற்கமாட்டேன். மக்களுக்குத் தெரிந்தால் பயப்படுவார்கள், ஆகவே சொல்லாமல் விடுவோம் என்பது அது. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளாக இதே வாதத்தை அமைச்சர்கள், படை அதிகாரிகள், வங்கி முதலாளிகள் என்று பலர் வாயிலிருந்தும் கேட்டுவிட்டேன்.

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் கைதட்டக் காத்திருக்கிறது. “ஆங்கில மருந்து என்றால் அப்படித்தான், நாட்டு மருந்துக்குத் திரும்புங்கள், பக்கவிளைவே இல்லை” என்பவர்கள். அவர்களும் தயவுசெய்து கையை இறக்கட்டும். இருமலுக்கு நாம் வாயில் அடக்கும் அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகமாக எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், உடலின் பொட்டாசியம் இறங்கும். நீர்க்குளிசை எடுக்கும் இருதய நோயாளருக்கு அது இரட்டைக் கேடு. மூலிகைக்குப் பலன் உண்டென்றால் விளைவும் உண்டு. அந்த இளம் வைத்தியர் “நாட்டு மருந்தும் கொண்டுவாருங்கோ” என்று சொன்னது அதனால்தான்.

அப்படியானால் முழங்கால் வலியோடு கிடந்து சாவதா என்ற கேள்வி வரும். அம்மாவுக்கு இப்போது அளவான பரசிற்றமோல், நுரைக்காத சாதாரண வகை. அவருடைய நிறைக்கு ஏற்ற அளவை வைத்தியர் எழுதித் தந்திருக்கிறார். இயன்மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி கதிரையில் இருந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி. வலி முழுதாகப் போகவில்லை. கோயிலுக்கு நடக்க முடிகிறது. வீதியைச் சுற்ற முடியாது.

நான் கேட்பது பெரிய காரியங்கள் அல்ல. சிட்டையின்றி விற்கக்கூடாததைச் சிட்டையின்றி விற்காதீர்கள். சட்டம் ஏற்கனவே அதைத்தான் சொல்கிறது. மருந்துக்கடையின் சுவரில் சட்டம்போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழுக்குச் சொந்தக்காரரான மருந்தாளர், கடை திறந்திருக்கும் நேரம் கடையில் நிற்கட்டும். பெட்டியின் மீது மூலப்பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். எச்சரிக்கையைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிடுங்கள். பால்மாப் பெட்டியில் முடிகிறது, மருந்துப் பெட்டியில் முடியாதா? அறுபது வயதைத் தாண்டியவரின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அவருடைய நோய்கள், சிறுநீரகத்தின் நிலை, எடுக்கும் மருந்துகள் மூன்றும் எழுதப்படட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது ஒரு வைத்தியர் அந்தப் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்க்கட்டும்.

இவை நடக்கும்வரை எங்கள் வீட்டில் நாங்களே ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். அம்மாவின் கையெழுத்தில், தமிழில். எந்தக் குளிசை, எதற்கு, யார் எழுதியது, எப்போது தொடங்கியது. பதினொன்று இப்போது ஐந்தாகிவிட்டது. புதிதாக ஒன்று வந்தால், “என்னிட்டை ஏற்கனவே இருக்கிற வருத்தத்துக்கு இது கூடாதோ?” என்று அவரே வைத்தியரிடம் கேட்கிறார். பழைய வாத்தியார்க் குரலில் கேட்பதால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடுகிறது. சென்ற மாதம் ஒருவர் எரிச்சல்பட்டு, “நீங்கள் டொக்டரோ அம்மா?” என்றாராம். “இல்லைத் தம்பி, குளிசை விழுங்கப்போறது நான்” என்றிருக்கிறார்.

நாளை கிளினிக் நாள். பையும் கொப்பியும் மேசையில் தயாராக இருக்கின்றன. காலை ஐந்தரைக்கு முச்சக்கர வண்டி வரும்.